ராணுவத்தைப் பாதியில் விடலாமா?

"மிலிட்டரியை விட்டுட்டு வந்துடலாம்னு பார்க்கிறேன்" என்று லீவில் வந்த ஜவான் சொன்னால், ஊரில் இருக்கும் பழைய மிலிட்டரிக்காரர்கள் ஏன் என்று கேட்கமாட்டார்கள். "சர்வீஸ் எத்தனை வருஷம் ஆச்சு தம்பி?" என்றுதான் கேட்பார்கள். வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு படைவீரர் இருக்கிற ஊர்களில் இந்தக் கேள்வியை டீக்கடை பெஞ்சிலேயே கேட்கலாம். காது கொடுத்துக் கேட்காமல் கணக்குப் போடுகிறாரே என்று அந்த இளைஞனுக்குக் கோபம் வரும். ஆனாலும் கேட்கவேண்டிய முதல் கேள்வி அதுதான். விட்டுவிட வேண்டும் என்ற எண்ணத்துக்குக் காரணம் எதுவாக இருந்தாலும், எந்தத் தேதியில் விடுகிறோம் என்பதுதான் அதற்குப் பிறகு வரும் நாற்பது ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது.

இந்தக் கட்டுரை இந்திய ராணுவத்தில் சிப்பாய் முதல் ஹவில்தார் வரை உள்ளவர்களையும் அவர்கள் வீட்டாரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதிகாரிகளுக்கு விதிகள் வேறு. அவர்களுக்குப் பென்ஷன் கிடைக்கவே 20 ஆண்டு சர்வீஸ் வேண்டும். அக்னிவீரர்களின் கணக்கு முற்றிலும் தனி, அதைப் பிறகு பார்க்கலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். ராணுவத்தில் ராஜினாமா என்ற ஒன்று ஜவானுக்குக் கிடையாது. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு ஐ.டி. கம்பெனியிலிருந்து விலகுவது போல விலக முடியாது. சேரும்போதே இத்தனை ஆண்டு பணியாற்றுகிறேன் என்று கையெழுத்துப் போட்டு, சத்தியப் பிரமாணமும் எடுத்திருக்கிறோம். அந்தக் காலம் பதவியைப் பொறுத்து நீளும். நாயக் என்றால் 22 ஆண்டு, ஹவில்தார் என்றால் 24 ஆண்டு, அதற்குமேல் தேர்வுக்குழு ஒப்புக்கொண்டால் இரண்டு ஆண்டு நீட்டிப்பு. சிப்பாயாகவே இருந்தால் இதைவிடக் குறைவு. இந்தக் காலம் முடியும் முன்பே வெளியே வர ஒரு வழி இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் ராணுவ விதிகளில் 13ஆவது விதி, 'சொந்த வேண்டுகோளின் பேரில்' டிஸ்சார்ஜ் செய்யலாம் என்கிறது. ஆனால் அது உரிமை அல்ல, கோரிக்கை. கோரிக்கை நியாயமானது என்றும், இவர் போவதால் யூனிட்டின் ஆள்பலம் மிகையாகக் குறைந்துவிடாது என்றும் கமாண்டிங் ஆபீசருக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். எல்லையில் பதற்றம் நிலவும் நேரத்திலோ யூனிட் ஆபரேஷனில் இருக்கும்போதோ கொடுத்த விண்ணப்பம் அப்படியே கிடப்பதற்கு இந்த இரண்டாவது நிபந்தனைதான் காரணம். சி.ஓ.வுக்கு நம் மீது கோபம் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பதினைந்து என்ற கோடு

பென்ஷன் பெறக் குறைந்தபட்சம் 15 ஆண்டு சர்வீஸ் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்தக் கோட்டுக்கு இப்பக்கமும் அப்பக்கமும் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. பென்ஷன் போனால் பணம் மட்டும் போகிறது என்று நினைக்கிறார்கள்.

14 ஆண்டு முடித்துச் சொந்த வேண்டுகோளில் வெளியே வருகிறார் ஒருவர். அவருக்கு மொத்தமாக ஒரு கிராஜுவிட்டி கிடைக்கும். சேமநிதியும், ராணுவக் குழுக் காப்பீட்டு நிதியில் அவர் கட்டியதற்கான முதிர்வுத் தொகையும் கிடைக்கும். அதோடு கணக்கு முடிந்தது. மாதம் பிறந்தால் வரும் பென்ஷன் இல்லை, அவருக்குப் பின் மனைவிக்கு வரும் குடும்ப பென்ஷனும் இல்லை. முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.ஹெச்.எஸ். மருத்துவத் திட்டம் பென்ஷன்காரர்களுக்கானது என்பதால் அதுவும் இல்லை. இதற்கெல்லாம் மேலாக ஒன்று: சட்டத்தின் கண்ணில் அவர் 'முன்னாள் படைவீரர்' ஆகமாட்டார். மத்திய அரசின் வரையறைப்படி, தன் விருப்பத்தில் வெளியே வருகிறவர் பென்ஷன் சம்பாதித்த பிறகு வந்தால்தான் அந்தப் பெயர் கிடைக்கும். மருத்துவக் காரணத்துக்காகவோ ஆள்குறைப்பிலோ ராணுவமே அனுப்பியவர்களுக்கு வேறு கணக்கு. ஆக, 14 ஆண்டு சியாச்சினிலும் ரஜௌரியிலும் நின்றவர், அரசு வேலைக்கான முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க முடியாமல், பதினெட்டு வயதுப் பையன்களோடு பொதுப்பிரிவில் போட்டி போடுவார். வயது வரம்பு தாண்டியிருந்தால் அதுவும் முடியாது.

அதே ஆள் இன்னும் ஓராண்டு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு வந்தால் நிலைமை தலைகீழ். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் ராணுவ சேவைப் படியையும் கூட்டி, அதில் பாதி பென்ஷன். அடிப்படைச் சம்பளம் 35,000 என்று வைத்துக்கொள்வோம். ஜவானுக்கான ராணுவ சேவைப் படி 5,200. கூட்டினால் 40,200; பாதி 20,100. இதன் மேல் அகவிலை நிவாரணம் தனியாக ஏறிக்கொண்டே போகும். ஒரு காலத்தில் முழுப் பென்ஷனுக்கு 33 ஆண்டு சர்வீஸ் வேண்டும், குறைந்தால் அதற்கேற்பப் பென்ஷனும் குறையும் என்ற விதி இருந்தது. 2006 முதல் அது இல்லை. 15 ஆண்டு முடித்தவருக்கும் அதே பாதிதான். கிராஜுவிட்டியாக ஏழரை மாதச் சம்பளத்துக்கு இணையான தொகை, அகவிலைப்படியும் சேர்த்துக் கணக்கிட்டு, கையில் கிடைக்கும்.

அரசு வேலைப் பக்கமும் கதவு திறக்கும். மத்திய அரசின் சி பிரிவுப் பணிகளில் 10 சதவீதம் முன்னாள் படைவீரர்களுக்கு. வயதைக் கணக்கிடும்போது ராணுவத்தில் இருந்த ஆண்டுகளைக் கழித்துவிட்டு, அதற்குமேல் மூன்று ஆண்டு சலுகையும் தருவார்கள். பத்தாம் வகுப்புத் தேறி 15 ஆண்டு சர்வீஸ் முடித்தவர், பட்டப்படிப்பு கேட்கும் சி பிரிவு வேலைகளுக்கும் விண்ணப்பிக்கலாம் என்ற ஆணை 1986 முதல் இருக்கிறது. அங்கேயும் அதே 15தான் என்பதைக் கவனியுங்கள்.

இந்த 15ஐ எண்ணுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சேர்ந்த தேதியிலிருந்து காலண்டரைப் பார்த்து எண்ணக் கூடாது. லீவு முடிந்து பத்து நாள் தாமதமாகப் போனது, ஏதோ ஒரு குற்றத்துக்காகச் சிறையில் இருந்த நாட்கள், இவையெல்லாம் தகுதி சர்வீஸில் சேராது. 15 முடிந்துவிட்டது என்று நம்பி விண்ணப்பித்தவருக்கு, ரெக்கார்டு ஆபீஸ் கணக்கில் சில நாட்கள் குறைந்தால் என்ன ஆகும்? சிறு குறைவை மன்னிக்கும் அதிகாரம் பென்ஷன் விதிகளில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 1961ஆம் ஆண்டின் ராணுவப் பென்ஷன் விதிகள், சொந்த வேண்டுகோளில் போகிறவரை அந்த மன்னிப்பிலிருந்து வெளிப்படையாகவே விலக்கி வைத்தன. நீதிமன்றம் போய் வாங்கியவர்கள் உண்டு. அதற்கு ஆகும் காலத்தில் அந்தச் சில நாட்களைப் பணியிலேயே கழித்திருக்கலாம். எனவே தகுதி சர்வீஸ் எத்தனை ஆண்டு, எத்தனை மாதம், எத்தனை நாள் என்று ரெக்கார்டு ஆபீஸிலிருந்து எழுத்தில் வாங்காமல் விண்ணப்பம் போடாதீர்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரருக்கு அது வெலிங்டனில், மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பான எம்.ஈ.ஜி.காரருக்குப் பெங்களூரில். யூனிட் கிளார்க் வாய்வார்த்தையாகச் சொல்வது போதாது; அவர் நல்லவராகவே இருந்தாலும் போதாது.

பதினைந்துக்குப் பிறகும் கணக்கு இருக்கிறது

15 முடிந்த மறுநாளே மூட்டை கட்டலாமா? இங்கே இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, 16ஆம் ஆண்டு. பதவி உயர்வு கிடைக்காமல் தேங்கியவர்களுக்கு 8, 16, 24 ஆண்டுகளில் அடுத்த சம்பள நிலையைத் தரும் எம்.ஏ.சி.பி. என்ற ஏற்பாடு ராணுவத்தில் உண்டு. 15இல் வெளியே வருகிறவர் இரண்டாவது உயர்வை ஓராண்டு வித்தியாசத்தில் தவறவிடுகிறார். மாதக் கணக்கில் பார்த்தால் பெரிய தொகை அல்ல, பென்ஷனில் சில நூறு ரூபாய் வித்தியாசம் வரலாம். ஆனால் அகவிலை நிவாரணமும் அடுத்தடுத்த ஊதியக்குழுக்களும் அதன் மேல்தான் பெருகும். அவருக்குப் பின் குடும்ப பென்ஷனும் கடைசிச் சம்பளத்தைப் பார்த்தே கணக்கிடப்படும். ஏற்கெனவே ஹவில்தார் ஆகிவிட்டவருக்கு இந்த 16 பெரிதாக எதையும் சேர்க்காது. சிப்பாயாகவோ நாயக்காகவோ இருப்பவர் கட்டாயம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஒரே பதவி ஒரே பென்ஷன். இதில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். 2014 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த இந்தத் திட்டத்தில், ஒரே பதவியில் ஒரே அளவு சர்வீஸ் முடித்தவர்கள் எப்போது ஓய்வு பெற்றிருந்தாலும் ஒரே பென்ஷன் வாங்க வேண்டும் என்பதற்காக ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பென்ஷன் மறுநிர்ணயம் செய்யப்படுகிறது. 2019இலும் 2024இலும் அப்படிச் செய்தார்கள். ஆனால் 2015 நவம்பர் 7 தேதியிட்ட ஆணையில் ஒரு வரி இருக்கிறது: இனிமேல் சொந்த வேண்டுகோளில் டிஸ்சார்ஜ் ஆகிறவர்களுக்கு இந்தப் பலன் கிடையாது. பென்ஷன் நின்றுவிடாது. அகவிலை நிவாரணம் ஏறும், ஊதியக்குழு வரும்போதும் ஏறும். நடுவில் வரும் ஐந்தாண்டு மறுநிர்ணயம் மட்டும் இல்லை. பக்கத்து வீட்டில் இருப்பவர் அதே பதவி, அதே சர்வீஸ், ஆனால் காலம் முடிந்து வந்தவர் என்றால், அவருடைய பென்ஷன் உங்களுடையதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். இந்த வரியை எதிர்த்து ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் வழக்குகள் நடந்திருக்கின்றன. அவை எப்படி முடிந்தாலும், வழக்கில் ஜெயிப்போம் என்ற நம்பிக்கையில் வாழ்க்கைத் திட்டம் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதிலிருந்து ஒரு நடைமுறை யோசனை கிடைக்கிறது. உங்கள் பதவிக்கான காலம் முடிய இன்னும் ஓரிரு ஆண்டுதான் என்றால், சொந்த வேண்டுகோள் விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுக் காத்திருங்கள். காலம் முடியும்போது இரண்டு ஆண்டு நீட்டிப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் போதும். அப்போது நீங்கள் காலம் முடித்து வருகிறவர், பாதியில் வருகிறவர் அல்ல.

கம்யூட்டேஷன் பற்றியும் ஒரு வார்த்தை. வெளியே வரும்போது பென்ஷனில் பாதி வரை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். மேலே சொன்ன 20,100இல் பாதியை விற்றால் ஏறக்குறைய 11 லட்சம் ரூபாய் கைக்கு வரும். அகவிலை நிவாரணம் முழுப் பென்ஷனுக்கும் கிடைத்துக்கொண்டிருக்கும். விற்ற பாதி 15 ஆண்டு கழித்துத் திரும்பி வரும். 19 வயதில் சேர்ந்து 34இல் வெளியே வருகிறவருக்கு, அது திரும்பும்போது வயது 49. இடைப்பட்ட அந்த 15 ஆண்டுதான் பிள்ளைகள் பள்ளியிலும் கல்லூரியிலும் இருக்கும் காலம். அந்த 11 லட்சத்தைப் போட்டு மாடிவீடு கட்டிவிட்டு, பாதிப் பென்ஷனில் ஸ்கூல் ஃபீஸ் கட்ட முடியாமல் திணறுகிற குடும்பங்களை எங்கள் பக்கத்தில் நிறையப் பார்க்கலாம். வீடு மட்டும் பார்க்க அழகாக இருக்கும்.

அக்னிவீரர்களுக்கு

2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவருக்குப் பென்ஷன் என்ற பேச்சே இல்லை. நான்கு ஆண்டு முடிந்ததும் 25 சதவீதம் பேர் வரை நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள், மற்றவர்கள் சேவாநிதி என்ற மொத்தத் தொகையோடு வீட்டுக்கு. அதனால் 'இரண்டு வருஷத்தில் விட்டால் என்ன நஷ்டம்?' என்ற கேள்வி இயல்பாகவே வருகிறது.

நஷ்டம் இருக்கிறது, கணக்கும் எளிது. முதல் ஆண்டில் மாதம் 30,000 சம்பளத்தில் 9,000 சேவாநிதிக்குப் போகிறது. இரண்டாம் ஆண்டில் 33,000இல் 9,900. இரண்டு ஆண்டுகளில் அவர் பங்கு 2,26,800 ரூபாய். அதே அளவு தொகையை அரசும் தன் பங்காகச் சேர்க்கிறது. நான்கு ஆண்டும் முடித்தால் இரண்டு பங்கும் வட்டியும் சேர்ந்து சுமார் 11.71 லட்சம், வருமான வரி இல்லாமல். பாதியில் தானாக விலகினால் தன் பங்கும் அதன் வட்டியும் மட்டும்தான்; அரசின் பங்கில் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. அதுவும் விலக அனுமதித்தால்தான். சொந்த வேண்டுகோளில் விடுவிப்பது கிடையாது, மிக மிக விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டும் உரிய அதிகாரி அனுமதிக்கலாம் என்றே சேரும்போது ஒப்புக்கொள்ளும் நிபந்தனைகளில் இருக்கிறது. நான்காண்டு முடித்தவர்களுக்கு மத்திய ஆயுதக் காவல் படைகளில் அறிவிக்கப்பட்டிருக்கும் இடஒதுக்கீடும் பாதியில் வந்தவருக்கு இல்லை. மூன்றாம் ஆண்டைத் தாண்டிவிட்ட அக்னிவீரர் ஒருவர் விலக நினைத்தால், முடித்துவிட்டே வா என்பேன். ஆறு மாதத்தில் இது எனக்கு ஒத்துவரவில்லை என்று உண்மையாகவே தெரிந்துகொண்டவர் விஷயம் வேறு. அவர் யூனிட்டில் அல்லது பயிற்சி மையத்தில் முறையாகப் பேசட்டும், சொல்லாமல் ரயிலேறாமல் இருந்தால் சரி.

விடாமலே தீரும் காரணங்கள்

காரணத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தேன். அது முக்கியமில்லை என்பதால் அல்ல. பெரும்பாலான காரணங்களுக்கு டிஸ்சார்ஜ் மருந்து அல்ல என்பதால்தான்.

மேலதிகாரியோடு ஒத்துவரவில்லை என்பது அடிக்கடி சொல்லப்படும் காரணம். சி.ஓ. இரண்டு, இரண்டரை ஆண்டில் மாறிவிடுவார். கம்பெனி கமாண்டர் அதற்கு முன்பே மாறலாம். யூனிட்டும் ஃபீல்டிலிருந்து பீஸ் ஸ்டேஷனுக்கு நகரும். நீங்கள் இழக்கும் பென்ஷன் மட்டும் திரும்பி வராது. உண்மையாகவே அநியாயம் நடந்திருந்தால், 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் 26ஆவது பிரிவில் ஜவானுக்குப் புகார் செய்யும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. கம்பெனி கமாண்டர் மீதே புகார் என்றால் சி.ஓ.விடம், சி.ஓ. மீதே என்றால் அவருக்கு மேலே. அங்கும் தீராவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, அதன் கிளை சென்னையிலேயே உள்ளது.

நிலத் தகராறு இன்னொன்று. அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை, பக்கத்துக் காட்டுக்காரன் வரப்பைத் தள்ளிப்போட்டான், கோர்ட்டில் வாய்தா வாய்தாவாக ஓடுகிறது, நான் ஊரில் இல்லாததால்தான் எல்லாம் என்று மனம் குமையும். இதற்காகவே 1925இல் ஒரு சட்டம் வந்தது, இந்திய படைவீரர்கள் வழக்குச் சட்டம். போர்க்களத்திலோ அதுபோன்ற சிறப்புச் சூழலிலோ பணியில் இருக்கும் வீரருக்கு எதிராக, அவர் இல்லாத நேரத்தில் சிவில் வழக்கு நடந்து முடிந்துவிடாதபடி தள்ளிவைக்க அது வழி செய்கிறது. இதைத் தவிர, உங்கள் சி.ஓ. மாவட்ட ஆட்சியருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் எழுதும் கடிதத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் பணியில் இருப்பவர்களின் குடும்பப் பிரச்சினைகளையும் பார்க்கும். அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு இது ரிட்டையர் ஆனவர்களுக்கு மட்டும் என்று நம்மவர்கள் உள்ளேயே போவதில்லை.

வயதான தாய் தந்தை, உடல்நிலை சரியில்லாத மனைவி, சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தை. இவை உண்மையான காரணங்கள். இவற்றுக்கும் டிஸ்சார்ஜுக்கு முன் இரக்க அடிப்படையிலான போஸ்டிங் கேட்கலாம். ஊருக்குப் பக்கத்தில் என்.சி.சி. யூனிட், ரெக்ரூட்டிங் ஆபீஸ் போன்ற இடங்களில் ஓரிரு ஆண்டு கிடைத்தால், அதற்குள் 15ஐத் தொட்டுவிடக்கூடும். ஆண்டுக்கு 60 நாள் வருடாந்திர லீவும் 30 நாள் கேஷுவல் லீவும் இருக்கின்றன. அவற்றைக் கோவில் திருவிழாவுக்கும் மச்சான் கல்யாணத்துக்கும் சிதறவிடாமல், சிகிச்சைத் தேதிகளோடு பொருத்திப் போடுகிறவர்கள் மிகக் குறைவு. இதெல்லாம் முயன்றும் முடியவில்லை, அம்மாவைப் பார்க்க வேறு ஆளே இல்லை என்றால், 13 ஆண்டிலும் வரவேண்டியதுதான். பென்ஷனைக் காட்டி அப்படி ஒருவரைத் தடுக்க யாருக்கும் தகுதியில்லை.

தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், குடி அதிகமாகி, 'விட்டுப் போனால் சரியாகிவிடும்' என்று தோன்றுகிற நிலை ஒன்று உண்டு. இதை ஜவான்கள் வெளியே சொல்வதில்லை. மெடிக்கல் கேட்டகரி இறங்கிவிடும், பதவி உயர்வு போய்விடும் என்ற பயம். கேட்டகரி இறங்குவது வேலை போவது அல்ல. சிகிச்சைக்குப் பின் அது மறுபடி ஏறுவதும் உண்டு. அந்த மனநிலையில் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாமல் முதலில் யூனிட் டாக்டரைப் பாருங்கள்.

மனைவியிடம் பேசாமல் எடுக்கும் முடிவு பாதி முடிவுதான். 'வந்துடுங்க, கஞ்சியோ கூழோ குடிச்சுக்கலாம்' என்று ஃபோனில் அழுகிற குரலை மட்டும் வைத்து முடிவு செய்துவிட்டு வருகிறார்கள். லீவில் வந்து, நோட்டை எடுத்து, பால் கணக்கிலிருந்து சீட்டுப் பணம் வரை இருவரும் உட்கார்ந்து எழுதிப் பார்த்தால் அந்தக் குரல் வேறு மாதிரிப் பேசும். இன்னொன்றும் இருக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அந்த வீடு அவர் இல்லாமல் நடக்கப் பழகியிருக்கிறது. ரேஷன், பள்ளிக்கூடம், மாமியார், கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றையும் ஒரு பெண் தனியாக நடத்தி வந்திருக்கிறாள். திடீரென்று ஒருவர் வந்து காலை ஐந்து மணிக்கு விசில் ஊதாத குறையாக வீட்டை நடத்தத் தொடங்கினால் என்ன ஆகும் என்று எந்த விதிப்புத்தகத்திலும் எழுதவில்லை.

குறுக்கு வழிகள்

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதும் சிலர் லீவில் வந்துவிட்டுத் திரும்பிப் போவதில்லை. முப்பது நாள் தாண்டினால் ராணுவச் சட்டத்தின் 106ஆவது பிரிவின்படி விசாரணை வைத்து, ஆள் ஓடிப்போனதாகப் பதிவு செய்யலாம். ஊர்ப் போலீஸுக்குத் தகவல் வரும். 38ஆவது பிரிவின் கீழ் ஓடிப்போன குற்றத்துக்குச் சாதாரண நேரத்தில் ஏழு ஆண்டு வரை சிறை, போர்ப்பணியில் இருக்கும்போது என்றால் மரண தண்டனை வரைகூடச் சட்டம் அனுமதிக்கிறது. அனுமதியின்றி விடுப்பில் இருப்பதற்கு 39ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை. நடைமுறையில் இவ்வளவு தூரம் எல்லா வழக்கும் போவதில்லை. ஆனால் பணிநீக்கம் நடந்தால் பென்ஷன் உரிமை போய்விடும், டிஸ்சார்ஜ் புத்தகத்தில் எழுதப்பட்டதை வைத்துக்கொண்டு செக்யூரிட்டி வேலைகூடக் கேட்க முடியாது. ஏற்கெனவே திரும்பாமல் இருப்பவர்கள் தானாகப் போய் ஆஜராவது ஒன்றுதான் வழி. பிடித்துக்கொண்டு போவதற்கும் தானாகப் போவதற்கும் தண்டனையில் நிறைய வித்தியாசம் இருக்கும்.

இன்னொரு குறுக்கு வழி, வேண்டுமென்றே தப்புச் செய்து நான்கு 'ரெட் இங்க்' வாங்கினால் அவர்களே அனுப்பிவிடுவார்கள் என்ற நம்பிக்கை. சிவப்பு மையில் எழுதும் தண்டனைப் பதிவு நான்கு சேர்ந்தால் வேண்டாதவர் என்று வெளியேற்றலாம் என்பது பழைய நடைமுறை. எண்ணிக்கை மட்டும் போதாது, குற்றத்தின் தன்மையையும் சர்வீஸையும் பார்க்க வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் வீரேந்திர குமார் துபே வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆக, அது உறுதியான வழியும் அல்ல. நடந்தாலும், 'வேண்டாதவர்' என்ற சொல் உங்கள் காகிதத்தில் ஏறும்.

விண்ணப்பம் போடுவதென்று முடிவானால்

போடலாம், அதில் தப்பில்லை. பதினைந்தைத் தாண்டி, வெளியே நல்ல வேலையோ தொழிலோ காத்திருந்து, மறுநிர்ணயப் பலன் போகும் என்று தெரிந்தே வருகிறவர் புத்திசாலி என்றுதான் சொல்வேன். முப்பத்தைந்து வயதில் தொடங்கும் இரண்டாவது வாழ்க்கைக்கும் நாற்பத்தைந்தில் தொடங்குவதற்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் வேலை 'கிடைக்கும்' என்பதற்கும் 'கிடைத்துவிட்டது' என்பதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தை டெக்ஸ்கோவில் காவலர் வேலைக்குப் பதிந்துவிட்டுக் காத்திருப்பவர்களிடம் கேளுங்கள். தமிழக அரசு 1986இல் முன்னாள் படைவீரர்களுக்காகத் தொடங்கிய கழகம் அது. நல்ல ஏற்பாடுதான். ஹவில்தாராகப் பத்துப் பேரை நடத்தியவர் ஏ.டி.எம். வாசலில் உட்கார மனம் ஒப்புமா என்பதை மட்டும் முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

விண்ணப்பத்தில் காரணத்தை உள்ளபடி எழுதுங்கள். அனுமதி வந்த பிறகு மனம் மாறினால் அதைத் திரும்பப் பெறுவது எளிதல்ல. அதனால் கோபத்தில் எழுதியதை உடனே கொடுக்காமல் ஒரு லீவு போய்விட்டு வந்து கொடுங்கள். கடன்களைப் பாருங்கள். சம்பளக் கணக்கின் பேரில் வாங்கிய பர்சனல் லோனும், வீட்டுக்கடனும் டிஸ்சார்ஜ் பணத்தில் பிடிக்கப்படலாம். சம்பளக் கணக்கோடு சேர்ந்து வந்த விபத்துக் காப்பீடும் பழையபடி தொடராது.

வெளியேறும் மருத்துவக் குழுவின் முன் நிற்கும்போது பெருமைக்காக 'ஐயாம் ஃபிட் சார்' என்று சொல்லிவிட்டு வராதீர்கள். முதுகுவலி, காது மந்தம், ரத்த அழுத்தம், பனியில் விறைத்த விரல், எதுவானாலும் சொல்லிப் பதிய வையுங்கள். பணியால் வந்த குறைபாட்டுக்கு, 2006க்குப் பிறகு முன்கூட்டியே வெளியே வந்தவர்களும் ஊனத்துக்கான பென்ஷன் கூறு (டிஸபிலிட்டி எலிமென்ட்) பெறலாம் என்று பாதுகாப்பு அமைச்சகம் 2009 செப்டம்பரில் ஆணையிட்டது. அந்தக் காகிதத்தில் இல்லாத வலியைப் பத்து ஆண்டு கழித்து நிரூபிப்பது பெரும்பாடு.

கடைசியாகப் பார்க்க வேண்டியது, உங்கள் சொந்த விவரங்களைப் பதிந்து யூனிட் வெளியிடும் பார்ட் 2 ஆர்டர். திருமணமும் ஒவ்வொரு குழந்தையின் பிறப்பும் அதில் வெளியாகியிருக்க வேண்டும். மனைவியின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, ராணுவப் பதிவில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் வேறு மாதிரி இருப்பது நம் ஊரில் சாதாரணம். இனிஷியலை எங்கே போடுவது என்பதே தீராத குழப்பம். யூனிட்டில் இருக்கும்போது ஒரு வாரத்தில் திருத்தக் கூடியதை, ஊருக்கு வந்த பிறகு ரெக்கார்டு ஆபீஸுக்கும் பிரயாக்ராஜில் உள்ள பென்ஷன் கணக்கு அலுவலகத்துக்கும் கடிதம் எழுதித் திருத்த வேண்டியிருக்கும். இப்போது பென்ஷன் 'ஸ்பர்ஷ்' இணையதளம் வழியாகத்தான் வருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்றையும் அதில் பதிய வேண்டும். அதற்கான பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் மனைவியும் தெரிந்துவைத்திருக்கட்டும். குடும்ப பென்ஷன் வாங்கவேண்டிய நாளில் அந்தத் திரையின் முன் உட்காரப்போவது அவர்தான்.